பூசணம் பிடித்த பழைய கோப்புகள்: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், பெயர் வேண்டாம், மழைக்காலம் முடிந்த கையோடு பதிவறையைத் திறந்து என்னை உள்ளே அனுப்பினார்கள். "தம்பி, அந்தப் பழைய பேரேட்டையெல்லாம் ஒரு தட்டு தட்டி அடுக்கி வச்சிடுப்பா" என்றார் மேலாளர். கையில் ஒரு பழைய பனியன் துணி, தலைக்கு மேலே முழு வேகத்தில் மின்விசிறி. மூன்று மணி நேரம் தட்டினேன். பச்சையும் சாம்பலுமாக எழுந்த தூள் சன்னல் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. சாயங்காலம் குளிர்காய்ச்சல், நெஞ்சில் ஓர் இறுக்கம், வறட்டு இருமல். வைரல் காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்தேன், சரியாகிவிட்டது. திரும்பிப் போய்த் தட்டினேன், அன்று சாயங்காலமே மறுபடியும் காய்ச்சல். மூன்றாவது தடவை பார்த்த மருத்துவர்தான் மாத்திரை எழுதுவதற்கு முன்னால், "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் கணக்கு, கூட்டுறவுச் சங்கத்துப் பேரேடு, வக்கீல் அலுவலகக் கட்டு, தாத்தா காலத்துப் பத்திரப் பெட்டி என்று எதையாவது சுத்தம் செய்யச் சொல்லி உங்களிடம் ஒப்படைத்திருந்தால் இது உங்களுக்காக. பதிவறைக்குப் புதியவர்கள் எல்லாரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்: பூசணத்தைப் பார்த்ததும் அதைத் துடைக்கப் பாய்கிறார்கள். துடைப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் உங்கள் மூச்சைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், அப்புறம் ஈரத்தை வெளியேற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் காகிதமும் கெடும், நீங்களும் படுப்பீர்கள்.

தாளில் என்ன நடக்கிறது

பூசணத்தின் வித்துகள் எல்லாக் காற்றிலும் இருக்கின்றன. நீங்கள் இதைப் படிக்கும் அறையிலும் இருக்கின்றன. காய்ந்த தாளில் விழுந்தால் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டிச் சில நாள் நீடித்தால் முளைவிடும். தாள் நேரடியாக நனைந்துவிட்டால் அதற்கு 48 மணி நேரமே போதும். நம் ஊர் வெப்பம் பெரும்பாலான வகைகளுக்கு ரொம்பப் பிடித்தமானது.

காகிதம் என்பது செல்லுலோஸ். அதைச் செரிக்கும் நொதிகள் சில பூசணங்களிடம் இருக்கின்றன. கீட்டோமியம், டிரைக்கோடெர்மா போன்றவை தாளின் நாரையே தின்னும். ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் வகைகளுக்கு அட்டையில் தடவிய மைதாப் பசையும் தாளுக்குப் போட்ட கஞ்சியும் விருந்து. பேரேட்டில் முதலில் பூசணம் பூப்பது முதுகிலும் அட்டை ஓரத்திலும் என்பதற்குக் காரணம் அந்தப் பசைதான். தின்றதற்கு அடையாளமாக மஞ்சள், ஊதா, கறுப்பு என்று சாயத்தையும் விட்டுப்போகும். பூசணத்தை எடுக்கலாம், அந்தக் கறையை எடுக்க முடியாது. இதை மேலதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "கிளீன் பண்ணேன்னு சொன்னே, இன்னும் கறுப்பா இருக்கே?" என்ற கேள்வி வரும்.

பழைய புத்தகங்களில் தாள் முழுக்கச் சிதறியிருக்கும் பழுப்புப் புள்ளிகள் வேறு விஷயம். அவற்றுக்குத் தாளில் கலந்த இரும்புத் துகள், பழைய பூசணம் என்று பல காரணங்கள் உண்டு. பார்த்துப் பதற வேண்டியதில்லை.

யார் உள்ளே போகக் கூடாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பெரும்பாலானவர்களுக்குப் பூசணத் தூள் தும்மலையும் கண்ணரிப்பையும் மூக்கொழுகலையும் கொடுக்கும், வெளியே வந்தால் அடங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். எனக்கு வந்தது மூன்றாவது ரகம். தூளைச் சுவாசித்து நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், இருமல், மூச்சுத்திணறல் வரும். ஒன்றிரண்டு நாளில் தானே போய்விடும். ஒவ்வாமையால் நுரையீரலில் உண்டாகும் அழற்சி இது. பூசணம் பிடித்த வைக்கோலைப் புரட்டும் விவசாயிகளுக்கு வருவதும் இதே நோய்தான். வேலை நேரத்தில் ஒன்றும் தெரியாமல் வீட்டுக்குப் போனபின் வருவதால் யாரும் பதிவறையைச் சந்தேகிப்பதில்லை. வார விடுமுறையில் நன்றாக இருந்து, வேலைக்குப் போன நாளின் மாலையில் மட்டும் உடம்பு முறுக்கினால் உஷாராகிவிடுங்கள். ஃப்ளூ என்று தள்ளிவிட்டு மாதக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழலாம்.

அடுத்தது இன்னும் கவனமாக இருக்க வேண்டியவர்கள். ஆஸ்துமாக்காரர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் இந்த வேலைக்கே வரக் கூடாது. நம் நாட்டுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று காசநோய். எப்போதோ வந்து குணமாகியிருந்தாலும் நுரையீரலில் குழி விட்டுப்போயிருக்கலாம். அந்தக் குழியில் ஆஸ்பெர்ஜில்லஸ் குடியேறி உருண்டையாக வளர்ந்து, இருமும்போது இரத்தம் வரவைப்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒரு நோய். குழுவில் யாருக்காவது பழைய டிபி இருந்ததா என்று கேட்பது சங்கடம்தான். எல்லாருக்கும் நடுவே கேட்காமல் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் கணினியில் பட்டியல் போடும் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

2021இல் கொரோனாவோடு வந்த கரும்பூஞ்சை நோயின் பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. தாளில் கறுப்பாகத் தெரிந்தாலே அதுதான் என்று கையை உதறுகிறார்கள். அந்த நோயை உண்டாக்குவது மியூக்கர் குடும்பத்துப் பூசணங்கள். தாளில் தெரியும் கறுப்பு நிறம் எந்த வகையையும் அடையாளம் காட்டாது. நிறத்தை வைத்து "பச்சைன்னா பரவாயில்ல, கறுப்புன்னாதான் விஷம்" என்று சொல்லும் மூத்தவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் எந்த நிறமானாலும் ஒரே மாதிரி முன்னெச்சரிக்கையோடு போங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பி வகை கண்டுபிடிப்பது பொதுவாகத் தேவையில்லாத செலவு. எந்த வகை என்று தெரிந்தாலும் செய்யப்போகும் வேலை மாறாது. காற்றில் இத்தனை வித்து வரை ஆபத்தில்லை என்று ஓர் எண்ணை உலகச் சுகாதார நிறுவனமும் வகுக்கவில்லை. ஈரத்தையும் பூசணத்தையும் ஒழிப்பதே வழி என்பதுதான் 2009இல் அது வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம்.

செத்த பூசணம் தொந்தரவு தராது என்பது இன்னொரு தப்பெண்ணம். ஒவ்வாமையைக் கிளப்ப வித்து உயிரோடு இருக்க வேண்டியதில்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் நனைந்து காய்ந்த கட்டும் இன்று உங்களைத் தும்மவைக்கும்.

போட்டுக்கொள்ள வேண்டியவை

மூக்கும் வாயும் மூடும்படி என்95 முகக்கவசம். அறுவைச் சிகிச்சைக்குப் போடும் நீல முகக்கவசமும் கைக்குட்டையும் இங்கே வேலைக்கு ஆகாது. ஆஸ்பெர்ஜில்லஸ் வித்து இரண்டு மூன்று மைக்ரான்தான். கன்னத்து இடுக்கு வழியே தாராளமாகப் போய்விடும். தாடி இருந்தால் என்95 கூட முகத்தில் ஒட்டி நிற்காது. என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பர் தாடியை எடுக்க மறுத்து வெளி மேசையில் உட்கார்ந்து எழுத்துவேலையை மட்டும் பார்த்தார். அதுவும் ஒரு தீர்வுதான். கவசத்தை மாட்டியபின் இரண்டு கையாலும் பொத்திப் பலமாக ஊதிப்பாருங்கள். கண்ணுக்கு நேரே காற்று வந்தால் மூக்குக் கம்பியை அழுத்திச் சரிசெய்யுங்கள்.

நைட்ரைல் கையுறை, ஓட்டையில்லாத கண்ணாடி, முழுக்கைச் சட்டை, தலைக்கு ஒரு தொப்பி அல்லது துணி. அந்த உடையோடு வீட்டுக்குப் போகாதீர்கள், முக்கியமாகக் குழந்தையைத் தூக்காதீர்கள். மாற்றுச் சட்டை எடுத்துப்போய், வேலை முடிந்ததும் பையில் கட்டி வந்து, வீட்டில் தனியாகச் சுடுநீரில் துவையுங்கள். பதிவறைக்குள் டீ வேண்டாம். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் தம்ளரை வைக்க எல்லாருக்கும் அகப்படுவது அந்தப் பேரேட்டின் மேல்தான்.

வெள்ளத்தில் நனைந்த ஆவணமென்றால் பூசணத்தோடு சாக்கடையும் சேர்ந்து வந்திருக்கும். எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. கையில் காயமிருப்பவர்கள் தொடக் கூடாது; மற்றவர்கள் ரப்பர் கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொள்ளட்டும்.

முதல் நாள்: தொடாமல் பார்ப்பது

முதல் நாள் சுத்தம் கிடையாது. மின்விசிறியை அணையுங்கள், ஏசியை அணையுங்கள். காய்ந்த பூசணமிருக்கும் அறையில் விசிறி சுழன்றால் ஒரு ரேக்கின் பிரச்சினை நாலு ரேக்குக்குப் போகும். கதவைச் சாத்தி, அறிவிப்பு ஒட்டி, கைபேசியில் ஒவ்வொரு தட்டையும் இருந்தது இருந்தபடியே படமெடுங்கள். எது எங்கே இருந்தது என்பது பின்னால் மிக முக்கியம். கட்டு கலைந்துவிட்டால், பூசணம் தின்றதைவிடப் பெரிய இழப்பு அது.

அப்புறம் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். தூசி தாள் முழுக்கச் சமமாகப் படிந்திருக்கும். பூசணம் வட்ட வட்டமாகப் பூத்திருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பஞ்சு போன்ற இழைகள் தெரியும். ஒரு மெல்லிய தூரிகையின் நுனியால் ஓரத்தில் லேசாகத் தொடுங்கள். இழுபட்டு ஈஷிக்கொண்டால் பூசணம் உயிரோடு வளர்கிறது, தாளில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பொடியாக உதிர்ந்தால் தூங்குகிறது. இந்த ஒரு சோதனையை வைத்துத்தான் மற்ற எல்லாம். ஈஷுகிற எதையும் துடைக்காதீர்கள். துடைத்தால் தாளின் நாருக்குள் இறங்கிவிடும், பிறகு யாராலும் எடுக்க முடியாது.

அடுத்து, ஈரம் எங்கிருந்து வந்தது? மாடிக் குழாயா, சன்னல் சாரலா, தரை ஓதமா, பக்கத்துக் கழிப்பறைச் சுவரா? சுவரைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சில்லென்றிருக்கும் இடம் காட்டிக்கொடுக்கும். ஒழுகலை நிறுத்தாமல் கோப்பைச் சுத்தம் செய்து அதே தட்டில் வைப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுப்பதுதான். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது. ஒன்று வாங்கி, அறையின் நடுவில் வைக்காமல், மிக மோசமான மூலையில் வையுங்கள்.

நனைந்தது, காய்ந்தது: பிரிப்பது

1973 ஜூலை 12ஆம் தேதி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் அருகே ராணுவப் பணியாளர் ஆவணங்கள் இருந்த கட்டடத்தின் ஆறாவது மாடி தீப்பிடித்தது. 1.6 முதல் 1.8 கோடிக் கோப்புகள் அழிந்தன. தப்பியவற்றுக்கு அடுத்த எமனாக வந்தது தீயை அணைக்க அடித்த தண்ணீர்தான். கோடை வெப்பம், சொட்டச் சொட்ட நனைந்த லட்சக்கணக்கான கோப்புகள். பூசணத்துக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. தைமால் என்ற பூசணக்கொல்லியைத் தெளித்துக் கொஞ்சம் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் கோப்புகளைக் காப்பாற்றியது தைமால் இல்லை. பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கூடைகளில் கோப்புகளை நிரப்பி, மெக்டானல் டக்ளஸ் விமான நிறுவனத்தில் விண்வெளிப் பயணச் சோதனைக்காக வைத்திருந்த வெற்றிடக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு தடவைக்குச் சுமார் 2,000 கூடைகள். காற்றை உறிஞ்சித் தாளிலிருந்த தண்ணீரை ஆவியாக்கி எடுத்தார்கள். இப்படி மீட்ட கோப்புகள் ஏறக்குறைய 65 லட்சம்.

நம்மிடம் வெற்றிடக் கூடம் கிடையாது. ஆனால் அவர்கள் செய்ததில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது: தண்ணீர் போனால் பூசணம் தானாக நிற்கும்.

நனைந்து இன்னும் பூசணம் வராத கோப்புகளுக்கு 48 மணி நேரம் இருக்கிறது. சுத்தமான மேசையில் அச்சில்லாத வெள்ளைத்தாள் அல்லது உறிஞ்சுதாள் விரித்து, கோப்புகளைப் பரப்பி, பத்துப் பதினைந்து தாளுக்கு ஒன்றாக உறிஞ்சுதாள் செருகி, ஊறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். இங்கே மட்டும் விசிறி நண்பன். அதையும் தாளுக்கு நேரே திருப்பாமல் சுவரைப் பார்த்து வையுங்கள். பழைய செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை இறங்கும். பேரேட்டை விசிறிபோல விரித்து நிறுத்தலாம், ஆனால் சொட்டும் நிலையில் நிறுத்தினால் தைத்த இடம் கிழியும். முதலில் படுக்கவைத்து நீர் வடியட்டும். பளபளக்கும் ஆர்ட் பேப்பர் இருந்தால் அதற்கு முதலிடம். காய்ந்தால் செங்கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது. ரப்பர் ஸ்டாம்பின் ஊதா மையும், அந்தக் காலத்துக் காப்பியிங் பென்சிலில் எழுதியதும் ஈரம் பட்டால் ஓடும். அத்தகைய தாள்களை உறிஞ்சுதாளுக்கு நடுவே வைத்து லேசாக ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள்.

48 மணி நேரத்துக்குள் முடிக்க முடியாத அளவு இருந்தால் உறையவைப்பதே வழி. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, அடையாளம் எழுதி, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஐஸ்கிரீம் கடைகளில் இருக்கும் பெட்டி போதும், ஆனால் அதில் இனி ஐஸ்கிரீம் வைக்கக் கூடாது. உறைநிலை பூசணத்தைக் கொல்லாது, நிறுத்திவைக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம்.

ஈரமான கோப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி "அப்புறம் பாத்துக்கலாம்" என்று மூலையில் வைப்பது மட்டும் வேண்டாம். பைக்குள்ளே தோட்டம் போட்டுவிடும். காய்ந்த பூசணக் கட்டுகளை அட்டைப்பெட்டியில் வைத்து மூடித் தனி அறைக்குக் கொண்டுபோகலாம்.

சுத்தம் செய்யும் நாள்

தூரிகையில் ஈஷாமல் பொடியாக உதிரும் நிலைக்கு வந்தபின்தான் இது. முடிந்தால் வெளியே, நிழலில், காற்று உங்கள் முதுகுப்பக்கத்திலிருந்து வீசும்படி உட்காருங்கள். மற்றவர்கள் உட்காரும் சன்னல் எதிரே வேண்டாம். உள்ளேதான் முடியும் என்றால் வெளித்தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறிக்கு முன்னால் மேசையைப் போட்டு, உங்களுக்கும் விசிறிக்கும் நடுவே கோப்பு இருக்கும்படி அமருங்கள்.

வேக்குவம் கிளீனர் என்றால் ஹெப்பா வடிகட்டி உள்ளது மட்டும். அது 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். வீட்டில் இருக்கும் சாதாரண இயந்திரம் முன்னால் உறிஞ்சிப் பின்னால் அறை முழுக்கத் தெளித்துவிடும், துணியால் தட்டுவதைவிட மோசம். குழாயின் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள்; தாள் கிழிசல் உள்ளே போகாமல் தடுக்கும். உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து வைத்து, குழாயைத் தாளின் மேல் வைக்காமல் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் பூசணத்தை அதன் வாய்க்குத் தள்ளுங்கள். பேரேட்டை முதலில் மூடியபடியே பிடித்து அட்டை, முதுகு, மேல்விளிம்பு என்று முடியுங்கள். அப்புறம்தான் திறந்து, பக்கம் பக்கமாக, உள்ளிருந்து வெளியே ஒரே திசையில். பூசணத்துக்கு ஒரு தூரிகை, சாதாரணத் தூசிக்கு வேறொன்று என்று பிரித்து வையுங்கள்.

ஒருவர் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை பேரேடு முடியும் என்று கேட்பார்கள். குறைவாகவே சொல்லுங்கள்.

ஸ்கேன் செய்யும் திட்டம் இருந்தால் சுத்தம் முடிந்தபின் செய்யுங்கள். பூசணத் தாளைத் தானாக இழுக்கும் ஸ்கேனரில் விட்டால் அதன் உருளைகள் அடுத்து வரும் சுத்தமான கோப்புக்கும் வித்தைப் பூசிவிடும். படுக்கையாக வைக்கும் ஸ்கேனரோ கைபேசிப் படமோ போதும்.

ரேக்கைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் 70 விழுக்காடு ஆல்கஹாலால் ஒரு முறை துடையுங்கள். தீப்பற்றும் பொருள், சன்னல் திறந்திருக்கட்டும். இது இரும்புக்கும் சுவருக்கும் மட்டும். தாளில் ஆல்கஹால் பட்டால் மை கரையும், அது தேர்ந்த பாதுகாப்பாளர்களின் வேலை.

பெரியவர்கள் சொல்லும் வைத்தியங்கள்

நாஃப்தலின் உருண்டை பூச்சியை விரட்டலாம், பூசணத்தை ஒன்றும் செய்யாது. மூடிய அறையில் நாள் முழுக்க அந்த நெடியில் இருப்பது உடம்புக்கும் ஆகாது. புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சந்தேகிக்கப்படும் பட்டியலில் இருக்கிறது. வேப்பிலையும் வசம்பும் பூச்சிக்குத்தான். ஓலைச்சுவடிக்குப் பூசும் எலுமிச்சைப்புல் எண்ணெயைக் காகிதத்தில் பூசினால் எண்ணெய்க் கறைதான் மிச்சம். பிளீச்சிங் பவுடர் கரைசல் தாளையே தின்னும்.

வெயில்? நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் வெயில்தானே மருந்து. நெல்லுக்கும் வடகத்துக்கும் சரி. தாள் வெயிலில் சுருண்டு, மொறுமொறுத்து, மை வெளுத்துப்போகும். நிழலும் காற்றோட்டமும் போதும்.

தைமால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓமத்துக்கு வாசனை தரும் அதே பொருள். நம் ஆவணக் காப்பகங்களில் வெகுகாலமாக இருந்த முறை இது: ஓர் அலமாரியின் அடியில் 40 வாட் பல்பு, அதன்மேல் தட்டில் தைமால் படிகம், மேலே விரித்த கோப்புகள். பல்பின் சூட்டில் ஆவியாகித் தாளில் படரும். மூத்த ஊழியர்களுக்கு இதில் அசையாத நம்பிக்கை, அந்த அலமாரியைக் காட்டும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமையும் தெரியும். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆவி கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும், வார்னிஷையும் எண்ணெய்ச் சாயத்தையும் இளக்கும், அதோடு கோப்பு ஈர அறைக்குத் திரும்பிய மறுமாதமே பூசணமும் திரும்பும். எத்திலீன் ஆக்சைடு வாயு பூசணத்தைக் கொல்லும்தான், ஆனால் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான பொருள். புகைமூட்டித் தருகிறேன் என்று யாராவது விலைப்புள்ளி கொடுத்தால் என்ன வாயு, எத்தனை நாள் காற்றாட விடுவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

எதை வைத்துக்கொள்வது

எல்லாக் கட்டையும் காப்பாற்ற வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசுக் கோப்பென்றால் அதன் மேல் ஆர்.டிஸ்., டி.டிஸ்., எல்.டிஸ். என்று ஏதாவது எழுதியிருக்கும். கோப்பின் ஆயுளைச் சொல்லும் எழுத்து அது; ஆர் என்றால் நிரந்தரம். ஆயுள் முடிந்த கட்டைச் சுத்தம் செய்து நுரையீரலைப் பழுதாக்கிக்கொள்ளாதீர்கள். அதற்காக, பூசணம் என்று காரணம் சொல்லி நீங்களாகவே கொளுத்திவிடவும் முடியாது. மத்திய அரசு அலுவலகங்களுக்கான 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டம், 1892க்கு முந்தைய ஆவணம் எதையும் அழிக்க விடுவதில்லை. எதற்கும் பயன்படாத அளவு சிதைந்துவிட்டதாகத் தேசிய ஆவணக் காப்பகத் தலைமை இயக்குநர் கருதினால் மட்டுமே விலக்கு. மற்ற அலுவலகங்களுக்கு அவரவர் விதி இருக்கும். எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குத் திரும்புவது

சுத்தம் செய்ததை உடனே பழைய இடத்தில் வைக்காதீர்கள். தனி ரேக்கில் இரண்டு வாரம் இருக்கட்டும். மறுபடி பூக்கவில்லை என்றால் திரும்பலாம்.

அறையின் ஈரப்பதம் 60க்குக் கீழே இருக்க வேண்டும், 50ஐ ஒட்டி இருந்தால் நல்லது. கடலோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகையில் இது லேசில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபயர் வாங்கினால் அதன் தண்ணீர்த் தொட்டியைத் தினமும் கொட்டப்போவது யார் என்று அன்றே பெயர் எழுதி வையுங்கள். நிறைந்ததும் இயந்திரம் தானே நின்றுவிடும், யாருக்கும் தெரியாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒரு டப்பாவுக்குச் சரி, அறைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை ஏசி ஓடி, இரவில் அணைவதுதான் பல பதிவறைகளைக் கெடுக்கிறது. பகலெல்லாம் குளிர்ந்த இரும்பு ரேக்கில் இரவு உள்ளே வரும் ஈரக்காற்று வியர்த்துப் படியும். முழு நேரமும் ஓடவிட வசதியில்லை என்றால் ஏசியை விட்டுவிட்டு நல்ல காற்றோட்டத்துக்கு வழி செய்வதே மேல்.

ரேக்கையும் பீரோவையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தரையிலிருந்தும் அதே அளவு உயரம். கட்டுகளைத் திணிக்காதீர்கள், இரண்டு கட்டுக்கு நடுவே விரல் போகட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாரம் ஒருமுறை ஈரப்பதத்தைக் குறித்து வைக்கிறேன். புரட்டாசி பிறந்ததும் மாடிக் குழாயில் இலை அடைத்திருக்கிறதா என்று ஏறிப் பார்ப்போம், தை மாதத்தில் ஒவ்வொரு தட்டிலும் ஒரு கட்டை உருவி முதுகைப் பார்ப்போம். இந்தத் தையில் ஒரே ஒரு பேரேட்டில் இரண்டு வெண்புள்ளிகள். யாரோ ரேக்கைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தார்கள். முன்னால் இழுத்து நிறுத்தி, பேரேட்டைப் பெட்டியில் போட்டுத் தேதி எழுதி, கவசத்தைக் கழற்றாமலே வெளியே வந்தேன்.